ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை எங்கே போகிறது?

பள்ளி திறக்கும் நேரம் என்பதால் ஒரு பழைய கணக்கை எழுதத் தோன்றியது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான். மதியிறுக்கம் என்று தமிழில் எழுதுகிறார்கள். ஊரில் எல்லோரும் சொல்வது ஆட்டிசம்தான். நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் இரண்டு சொல்லும் பாடத்தில் கிடையாது. இத்தனைக்கும் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி 1943-லேயே எழுதிவிட்டார். அதில் முதல் பிள்ளை டொனால்டு டிரிப்லெட். தன் சிற்றூர் உயர்நிலைப் பள்ளியிலேயே படித்து, 1958-ல் பட்டமும் வாங்கி, அந்த ஊர் வங்கியிலேயே வேலை பார்த்தார்.

நம் நாட்டில் 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன, ஆட்டிசம் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அந்தப் பெயர் ஏறியது. பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. வட்டார வள மையங்களுக்குச் சிறப்பாசிரியர்கள் வந்தார்கள். ஆனால் அது எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்கான திட்டம் தனியாக 2009-10-ல் வந்தது. 2010-ல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டமும் 14 வயதில் நின்றது. 2016 சட்டம்தான் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளைச் சொல்லி, 18 வயது வரை இலவசக் கல்வி என்றது.

சட்டம் படிப்படியாக ஏறி வந்ததைச் சொல்லிவிட்டேன். பிள்ளை ஏறுவது வேறு படி. திருவெண்ணெய்நல்லூரைச் சுற்றியுள்ள கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆசிரியர், முப்பது நாற்பது பிள்ளைகள். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்பது டீச்சருக்கும் தெரியும், சத்துணவு ஆயாவுக்கும் தெரியும். ஆறாம் வகுப்பில் பஸ் ஏறி மேல்நிலைப் பள்ளிக்குப் போனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு மணி, மணிக்கு ஒரு ஆசிரியர். டி.சி. கூடவே போகிறது. ஐந்து வருடம் டீச்சர் தெரிந்து வைத்திருந்தது எதுவும் போவதில்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. அதுவரை பிள்ளை போய்ச் சேர வேண்டுமே!

என் மாணவர்களில் இன்று ஐந்தாம் வகுப்பு எடுப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். பிள்ளை எதற்கு மிரளும், எதில் அமைதியாகும், பசித்தால் எப்படிக் காட்டும் என்று ஒரு பக்கம் எழுதி டி.சி.யோடு கொடுத்தனுப்புங்கள். ஏப்ரலிலேயே, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை, அம்மாவோடு அழைத்துப் போய் வகுப்பறை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மணி தொங்கும் இடம் எல்லாம் காட்டிவிடுங்கள். எந்தப் படிவமும் இதைக் கேட்காது. ஆறாம் வகுப்பு எடுப்பவர்கள் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.