மோரியும் குளியலறையும்: மும்பைத் தமிழர் வீடுகளில் தூய்மை வழக்கங்களின் மாற்றம்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுச் சுத்தம் பற்றிய பேச்சு பெரும்பாலும் தலைமுறைப் பூசலாகவே முடிகிறது. பாட்டி மடி பார்த்தாள், அம்மா பாத்திரத்தைத் தேய்த்து அடுக்கினாள், மகளுக்கு எதிலும் அக்கறையில்லை என்பது வழக்கமான குற்றப்பத்திரிகை. (மகன் அதில் இடம்பெறுவதே இல்லை.) வயதுதான் காரணமென்றால், ஒரே காலத்தில் மாட்டுங்காவிலும் தாராவியிலும் குடும்பம் நடத்திய பெண்களிடம் ஏறக்குறைய ஒரே வழக்கம் இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் எந்தக் காலத்தில் எந்த வாசலை எட்டின என்பதே வழக்கத்தை அதிகம் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1896இல் மாண்டவியில் பிளேக் தலைகாட்டியதும் அதிகாரிகள் நெரிசலான வீடுகளுக்குள் புகுந்து சுண்ணாம்படித்தார்கள், வெளிச்சத்துக்காகக் கூரையைப் பிரித்தார்கள். அதையொட்டி 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகலமான தெருக்களோடு மனை பிரித்தது. அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியர், அவர்களில் பெரும்பாலோர் பிராமணர், அங்கே எழுந்த ஃபிளாட்டுகளில் வாடகைக்குக் குடியேறினார்கள். சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் கழிவறை பொது. கோலிக்குள், அதாவது அறைக்குள், மூலையில் மோரி என்ற கழுவுமிடம் மட்டுமே இருக்கும். மாட்டுங்கா ஃபிளாட்டிலோ கழிவறை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இப்பகுதியின் வரலாற்றை எழுதிய நிகில் ராவ் (2013) இந்த மாற்றத்துக்கு மிகுந்த முக்கியத்துவம் தருகிறார். ஊரில் கொல்லைக் கோடியில் ஒதுக்கி வைத்ததை அடுக்களைக்குச் சில அடி தள்ளி ஏற்பது மடி பார்த்தவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. தண்ணீர்த் தொட்டியும் பாதாளச் சாக்கடையும் அதைச் சாத்தியமாக்கின. கழிவை அள்ள ஒருவர் உள்ளே வர வேண்டிய தேவை ஒழிந்தது. தீட்டு எண்ணம் அதனால் அழிந்துவிடவில்லை, குழாய்க்குள் மறைந்துகொண்டது. மாட்டுங்காவின் ஒழுங்கை மெச்சுவோர் இதைச் சொல்வது குறைவு.

தாராவிக்கு அந்தக் குழாய் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கே வேரூன்றியபின், திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் அதை நம்பி வந்து குடியேறினர். குழாயும் கழிவறையும் பொதுவில்தான், அதுவும் போதாமல். சந்தில் சாக்கடை திறந்து ஓடும்போது வாசற்படியை உயர்த்திக் கட்டுவதும், அதை அடிக்கடி கழுவிவிடுவதும், குடத்தையும் டிரம்மையும் மூடிவைப்பதும் நோயைத் தள்ளிவைக்கும் வழிகள். சுவர்ப் பலகையில் பளபளக்கும் எவர்சில்வர் வரிசை குடும்பத்தின் கௌரவம். குழாய் திறக்கும் நேரத்துக்குள் பிடித்த தண்ணீருக்கு அதுவே கொள்கலமும்கூட. பத்துக்குப் பத்து அறையில் பாயைச் சுருட்டாமல் அடுப்பு மூட்ட முடியாது. அங்கே ஒழுங்கைக் குணமாகப் பார்ப்பதைவிட இடக்கணக்காகப் பார்ப்பதே பொருந்தும். ஆகவே தாராவியின் வழக்கத்தை மேல்சாதி வழக்கத்தின் நகல் என்பதும் சரியாகாது.

குழாயே தீர்மானித்தது என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. கல்கத்தாவை ஆராய்ந்த சுதீப்த கவிராஜ் (1997), அகம் புறம் என்ற பழைய பிரிவினையே உள்ளே தூய்மையையும் வெளியே அலட்சியத்தையும் விளைவித்தது என்ற திசையில் வாதிடுகிறார். அப்படியானால் குழாய் இரண்டாம்பட்சம்தானே? ஆனால் தைப்பொங்கலன்று தாராவிப் பெண்கள் தெருவிலேயே இடத்தைச் சுத்தம் செய்து கோலமிட்டுப் பானை வைக்கிறார்கள். தெருவை அவர்கள் அந்நியமாக நினைப்பதாகத் தெரியவில்லை. சாக்கடையை மூடுவது மட்டும் துடைப்பத்தால் ஆகிற வேலையல்ல.

1995இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் அமைந்தபின், தனிக் கழிவறையோடு 225 சதுர அடி வீடுகள் வரத் தொடங்கின. மாட்டுங்கா 1930களில் கண்டது தாராவிக்குச் சுமார் அறுபதாண்டு பிந்தி வந்தது. அடுக்களையை ஒட்டிக் கழிவறையா என்ற பழைய கேள்வியும் கூடவே வந்ததில் வியப்பில்லை. வாசலைக் கழுவும் வேலை அங்கே குறைந்தது. அதை இளையவர்களின் சோம்பலாகப் படிப்பவர்கள் மாடி நடையில் சாக்கடை ஓடவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வேலைக்குப் போகும் மகள் முன்போல் தேய்ப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் செம்பூர் போன்ற பகுதியின் நடுத்தர வீட்டில் அந்த வேலை நிற்கவில்லை, வீட்டுவேலைக்கு வருபவளின் கைக்கு மாறியிருக்கிறது. அணு ஆராய்ச்சி மையத்துக்கு இடம் வேண்டுமென்று 1976இல் ஜனதா காலனி என்ற குடிசைக் குடியிருப்பு இடிக்கப்பட்டபோது, தமிழர் பலர் உட்பட அங்கிருந்தோர் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அத்தகைய குடியிருப்புகளிலிருந்து வீட்டுவேலைக்கு வரும் பாயி, அந்த மகளின் வயதுக்காரியாகவே இருக்கலாம். செம்பூரில் குழாயடியில் பாத்திரம் துலக்குபவள், தன் வீட்டில் டிரம்மிலிருந்து மொண்டு அளந்தே கழுவுகிறாள்.