வரையப்பட்ட வருங்காலம்: நகரத் தோற்றப் படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு இறந்தகாலத்தை ஆராயும் துறை என்பர். எனினும், இறந்தகால மக்கள் தமது வருங்காலத்தை எவ்வாறு கற்பனை செய்தனர் என்பதும் வரலாற்று மாணவனின் ஆய்வுப்பொருளேயாகும். கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக நகரத் திட்டமிடுவோரும் கட்டடக்கலைஞரும் இன்னும் எழாத நகரங்களை எழுந்து நிற்பனபோற் காட்டும் படங்களை ஆக்கி வந்துள்ளனர். தூரிகையால் வரையப்பட்டவை, ஒளிப்படத்தில் ஒட்டி ஆக்கப்பட்டவை, கணினியால் உருவாக்கப்பட்டவை என இவை பலவகைப்படும். இவற்றை எதிர்வுகூறல்களாகக் கொண்டு, பலித்தனவா பொய்த்தனவா என வினவுதலே பொதுவழக்கு. ஆனால், இவை தத்தம் காலத்து மக்களை இணங்கவைக்க எழுந்த வாதங்கள் என்பதே இக்கட்டுரையாளனின் கருத்தாகும். ஆதலின் இவை எதனைக் காட்டின என்பதோடு, எதனை மறைத்தன என்பதும் நோக்கப்படல் வேண்டும்.

முதற்கண் சிக்காகோ நகரை எடுத்துக்கொள்ளலாம். டானியல் பேர்ன்ஹாம், எட்வேட் பெனெற் ஆகிய இருவரும் தயாரித்த சிக்காகோத் திட்டம் 1909ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அதனைச் செய்வித்தோர் அந்நகரின் வணிகரும் கைத்தொழிலதிபரும் அங்கம் வகித்த வர்த்தகக் கழகத்தினர். நூலின் கவர்ச்சிக்குப் பெரிதும் காரணமாயிருந்தவை ஜூல்ஸ் கெரின் என்னும் ஓவியர் தீட்டிய வர்ண ஓவியங்களாகும். அவற்றுட் சில நகரைப் பறவையின் உயரத்திலிருந்து காட்டின. அகன்ற வீதிகள், ஒரே உயரமான கட்டட வரிசைகள், நடுவே மாபெரும் குவிமாடம் ஒன்று. அக்காலச் சிக்காகோவின் ஆலைப்புகையும், இறைச்சித் தொழிற்சாலைகளைச் சூழ்ந்திருந்த தொழிலாளரின் நெருக்கமான குடியிருப்புகளும் அவ்வுயரத்திலிருந்து புலப்படவில்லை. 1911இல் இத்திட்டத்தை விளக்கும் பாடநூலொன்று ஆக்கப்பட்டு, நகரப் பாடசாலைகளிற் கற்பிக்கப்பட்டது. இன்றைய மாணவரே நாளைய வாக்காளர் என்பதைத் திட்டத்தின் ஆதரவாளர் நன்குணர்ந்திருந்தனர். குவிமாடம் எழவேயில்லை. எனினும், ஏரிக்கரையின் பெரும்பகுதி தனியார் கைக்குச் செல்லாது பொதுமக்களின் பூங்காவாக அமைந்தமைக்கு அத்திட்டம் பெருந்துணை புரிந்தது. ஆகவே, இத்தகைய படங்கள் யாவும் வெறும் ஏமாற்று எனக் கூறுதல் நேர்மையாகாது.

பேர்லினில் இக்கலை வேறொரு திருப்பத்தைப் பெற்றது. பிரீட்றிக் வீதிப் புகையிரத நிலையத்தருகே அமைந்த முக்கோண நிலமொன்றில் உயர்மாடிக் கட்டடம் அமைப்பதற்கான போட்டி 1921ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. மீஸ் வான் டெர் றோ என்னும் கட்டடக்கலைஞர் முற்றிலும் கண்ணாடியாற் போர்த்த கோபுரமொன்றை அதற்குச் சமர்ப்பித்தார். அவ்வீதியின் உண்மையான ஒளிப்படத்தினுள் தமது கோபுரத்தின் சித்திரத்தைப் பொருத்தி அவர் ஆக்கிய படம் பின்னர் பெரும்புகழ் பெற்றது. இருபுறமும் பழைய வீடுகள் இருண்டு நிற்க, நடுவே கோபுரம் மட்டும் ஒளிவீசி எழுகின்றது. போட்டியில் அதற்குப் பரிசு கிடைக்கவில்லை. போரில் தோற்றுப் பணவீக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த ஜேர்மனியில் அத்தகைய கட்டடம் எழக்கூடிய சூழ்நிலையும் இருக்கவில்லை.

இங்கு ஒளிப்படம் ஆற்றிய பணி ஊன்றி நோக்கத்தக்கது. ஓவியத்தைப் பார்ப்பவன் அது ஒருவரின் கற்பனை என்பதை மறப்பதில்லை. ஒளிப்படத்தையோ அவன் நடந்ததற்குச் சான்றாகவே கொள்கின்றான். வீதி உண்மை, வீடுகள் உண்மை. எனவே அவற்றினிடையே நிற்கும் கோபுரமும் உண்மைபோலவே தோற்றுகின்றது. இல்லாத ஒன்று, இருக்கின்றவற்றிடமிருந்து நம்பகத்தன்மையைக் கடனாகப் பெற்றுக்கொள்கின்றது. அதேவேளை, இருக்கின்ற வீடுகள் இருளில் மூழ்கி, அகற்றப்படத் தக்கனபோற் காட்சியளிக்கின்றன. படத்தின் வாதம் இவ்விருளிலேயே தங்கியுள்ளது எனலாம்.

இவ்வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் லு கொர்பூசியே. 1925ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற அலங்காரக் கலைக் கண்காட்சியில் அவர் தமது வொய்சின் திட்டத்தைக் காட்சிக்கு வைத்தார். வொய்சின் என்பது அதற்கு நிதியுதவி வழங்கிய மோட்டார்க்கார் நிறுவனத்தின் பெயராகும். செயின் நதியின் வலக்கரையில், பழைய நகரின் பெரும்பகுதியை இடித்து அகற்றி, அறுபது மாடிகள் கொண்ட பதினெட்டுக் கோபுரங்களை எழுப்புவது அவரது எண்ணம். சில தேவாலயங்களும் நினைவுச்சின்னங்களும் மட்டும் தப்பியிருக்கும். அகற்றப்படவிருந்த மறே பகுதியிலே கைவினைஞரும் யூதக் குடியேறிகளும் நெருக்கமாக வாழ்ந்தனர். அங்கு நிலவிய சுகாதாரக் கேடும் நோயும் கற்பனையல்ல; மாற்றத்துக்கான தேவை மெய்யானது. ஆயின் அம்மக்கள் எங்கே செல்வர் என்பதற்குப் படத்தில் விடையில்லை. அத்திட்டத்தின் மாதிரியுருவைக் காட்டும் புகழ்பெற்ற ஒளிப்படமொன்றிலே, கோபுரங்களின் மேலாக ஒரு கை மட்டும் நீண்டு சுட்டிநிற்கின்றது. நகரம் முழுவதிலும் தெரியும் ஒரே மனித உறுப்பு, திட்டமிடுபவனின் கையே. திட்டம் நிறைவேறவில்லை. 1962இல் பிரான்சில் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாக மறே பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என நாம் ஒதுக்கிவிட முடியாது. 2014ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கொழும்புத் துறைமுக நகர் வேலைகள் தொடக்கிவைக்கப்பட்டபோது, கணினியால் ஆக்கப்பட்ட அதன் தோற்றப் படங்கள் எங்கும் பரவின. காலிமுகத்திடலுக்கு அப்பால், கடல் இருந்த இடத்திலே கண்ணாடிக் கோபுரங்களின் வரிசை வானத்தைத் தொட்டு நின்றது. கடலை நிரப்பும் திட்டமாதலின் இங்கு இடிக்கப்பட வேண்டிய வீடுகள் இருக்கவில்லை. ஆயினும் நிரப்புவதற்கான மணல் கடலடியிலிருந்தே அகழப்பட்டது. அதனால் மீன்வளம் கெடும் என நீர்கொழும்புக் கரையோர மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களது வள்ளங்கள் அப்படங்களின் எல்லைக்கு வெளியே இருந்தன. 2019 ஜனவரியில் 269 ஹெக்ரேயர் நிலம் நிரப்பி முடிக்கப்பட்டது. நிலம் எழுந்த வேகத்திற் கோபுரங்கள் எழவில்லை. 2022 ஏப்ரலில், நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்கவியலாத நிலையை அறிவித்த மாதத்திலேயே, அப்புதுநிலத்தின் அருகிலுள்ள காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு மாதக்கணக்கிற் போராடினர். கணினிப் படங்களிற் காட்டப்பெற்ற மனிதர் கடற்கரையில் உலாவினர், ஓய்வெடுத்தனர். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மனிதர் அவற்றில் இல்லை.

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து, வருங்கால நகரப் படமொன்றைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். இதனைச் செய்வித்தவர் யார்? இது எந்த உண்மையிலிருந்து நம்பகத்தன்மையைப் பெறுகின்றது? இதில் இல்லாதவர் யார்? பழைய கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆராயும்போது, ஈந்தவனின் புகழோடு நின்றுவிடாது, நிலத்தை உழுதவனையும் தேடவேண்டும் என எமக்குக் கற்பிக்கப்படுகின்றது. அந்த நெறி புதிய சாசனங்களான இப்படங்களுக்கும் பொருந்தும். வருங்காலத்தைக் கற்பனை செய்யும் உரிமை எவருக்கும் மறுக்கப்படலாகாது. ஆனால் அவ்வுரிமை வரைபவனுக்கும் செய்விப்பவனுக்கும் மட்டும் உரியதாகிவிடின், ஏனையோர் பிறரது சித்திரத்திற் குடியிருப்போராகவோ, அதிலிருந்து அழிக்கப்பட்டோராகவோ மட்டுமே எஞ்சுவர்.