மஞ்சள் காமாலையும் படுக்கை ஓய்வும்



மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் இரண்டு கட்டளைகள் பிறந்துவிடும். "படுக்கையை விட்டு எழாதே." "உப்பு, எண்ணெய் தொடாதே." இவற்றில் எவ்வளவு உண்மை என்று ஒரு போர்க்கால மருத்துவமனை சோதித்துப் பார்த்த வரலாற்றை இன்று சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஏராளமான வீரர்களுக்கு வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி கண்டது. அந்த வைரஸை அப்போது யாரும் பார்த்ததில்லை. மருந்தும் கிடையாது. செவிலியரின் பராமரிப்புதான் சிகிச்சை. நடமாடினால் நோய் திரும்பும் என்ற அச்சத்தால் நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள்.

1950இல் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க வீரர்களை மறுபடியும் காமாலை பிடித்தது. ஜப்பானில் கியோட்டோ நகர ராணுவ மருத்துவமனையில் அவர்களைச் சேர்த்தார்கள். அங்கே தாமஸ் சால்மர்ஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் நோயாளிகளைக் குலுக்கல் போன்ற முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கடுமையான படுக்கை ஓய்வு. இன்னொரு பிரிவினர் வார்டுக்குள் விருப்பம்போல் நடமாடலாம். சாப்பிட்டபின் மட்டும் சிறிது ஓய்வு. உணவையும் இப்படியே ஒப்பிட்டார்கள்.

முடிவு 1955இல் வெளியானது. நடமாடியவர்களுக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை. புரதம் மிகுந்த உணவை வற்புறுத்தி உண்ண வைக்கப்பட்டவர்கள் சற்று விரைவாகத் தேறினார்கள்.

சோதிக்கப்பட்டவர்கள் உடல் வலுவுள்ள இளைஞர்கள் என்பதை மறக்கக் கூடாது. முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் நமக்கு இதில் பாடம் உண்டு. களைத்தால் ஓய்வு போதும். நோயாளியைக் கட்டிப்போட வேண்டியதில்லை. பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். மாலையில் குமட்டல் கூடும் என்பதால் காலையில் நன்றாகக் கொடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. மது கூடவே கூடாது. மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையும், நாட்டு மருந்தும் வேண்டாம். பராமரிப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பேச்சு குழறினாலோ, ஓயாமல் தூங்கினாலோ, இரத்தம் கசிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டுப் பராமரிப்பின் எல்லை அதுதான்.