கைவேலையும் கல்வியும்

“கைவேலைப் பாடத்திற்குப் பதிலாகக் கணிதம் நடத்தலாமே, ஆசிரியரே?” என்று கேட்கும் பெற்றோர் நம் தங்கா பத்து வட்டாரத்திலும் உளர். அக்கேள்விக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

1916இல் ஆங்கில ஆட்சியினர் ஆர்.ஓ. வின்ஸ்டெட்டை ஜாவாவிற்கும் பிலிப்பைன்சிற்கும் அனுப்பி, அங்குள்ள கல்விமுறையை ஆராயச் செய்தனர். அதன் விளைவாக மலாய்ப் பள்ளிகளில் கூடை முடைதலும் தோட்டக்கலையும் வலுப்பெற்றன. 1922இல் தஞ்சோங் மாலிமில் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியும் இவற்றைக் கற்பித்தது. மீனவர் மகன் சற்றுத் திறமையான மீனவனானால் போதும் என்பதே அன்றைய ஆட்சியாளரின் எண்ணம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் பெரும்பாலும் பிள்ளைகளைப் பால்மரத்தோடே நிறுத்தின. பெற்றோரின் அச்சம் அங்கிருந்து வருகிறது.

ஆனால், 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே பாடங்களின் மையமாக்கியது. நூற்ற நூலை அளக்கும்போது கணிதம். பருத்தி விளையும் மண்ணை அறியும்போது புவியியல். 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து, குழந்தை கையால் கற்கும் முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

கூடை முடைதலில் குற்றமில்லை. கூடையோடு கல்வியை முடித்துவிட்டதே குற்றம். இன்று தனியார் அனைத்துலக இடைநிலைப் பள்ளிகள் கலையையும் செய்முறைக் கல்வியையும் தம் சிறப்பாகக் கூறுகின்றன. வசதியுள்ள பிள்ளைக்கு அது கல்வி என்றால், நம் பிள்ளைக்கு மட்டும் வீண்வேலை ஆகுமா? காட்சிக்கலைக் கல்விக்குரிய நேரத்தைப் பிற பாடங்களுக்கு எடுக்கும்முன் ஆசிரியர்களாகிய நாமும் சிந்திப்போம்.