தமிழ் தலைவாஸ் 2019: கடைசி இடத்தின் கணக்கு

1/ மக்களே, இன்னைக்கு மருத்துவம் கொஞ்சம், கபடி வரலாறு நிறைய. 'பைசன்' படம் வந்ததுல இருந்து வடக்க கீழவைப்பார், தெக்க மணத்தின்னு நம்ம தூத்துக்குடி மாவட்டம் முழுக்க கபடி பேச்சுதான். அந்த மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். அர்ஜுனா விருது பெற்றவர்.

2/ இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களைத் தந்த தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய அணி, 2019 புரோ கபடி லீக்கில் 12 அணிகளில் 12-வது. 22 ஆட்டம், 3 வெற்றி, 15 தோல்வி, 4 டை. அந்த சீசன்ல மீம் போடாத ஆளே இல்ல.

3/ ஆனா அணி லேசுப்பட்டது இல்ல. கேப்டன் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர். மூணு பேரும் இந்தியாவுக்கு ஆடிய பெரிய கைகள். முதல் ஆட்டம் ஹைதராபாத்தில், தெலுங்கு டைட்டன்ஸை 39-26 என அடிச்சாங்க. அடுத்து டெல்லியிடம் 29-30. ஒரே ஒரு புள்ளி!

4/ இங்கதான் கணக்கு சுவாரஸ்யம். 2019-ல இருந்த லீக் விதிப்படி வெற்றிக்கு 5 புள்ளி, டைக்கு 3. ஏழு அல்லது அதுக்குக் குறைவான வித்தியாசத்தில் தோத்தா, ஆறுதலா 1 புள்ளி கிடைச்சது.

5/ தலைவாஸ் எடுத்தது 37. மூணு வெற்றிக்கு 15, நாலு டைக்கு 12, ஆக 27. மீதி 10 எங்கிருந்து வந்துச்சு? நெருக்கமா தோத்த ஆட்டங்கள்ல இருந்து. அதாவது 15 தோல்வியில் 10 தோல்வி ஏழு புள்ளிக்குள்ள!

6/ மருத்துவர் பாஷையில சொன்னா, இது வெட்டுக்காயம் இல்ல, அல்சர்ல தினமும் கசியுற ரத்தம். ஒருநாள் பார்த்தா ஒண்ணும் தெரியாது. மொத்தமா பரிசோதிச்சா ஹீமோகுளோபின் பாதிதான் இருக்கும். கடைசி சில நிமிஷத்துல ஒரு அவசர ரெய்டு, ஒரு தப்பான டேக்கிள் போதும், ஏழு புள்ளிக்குள்ள இருக்கிற ஆட்டம் கைமாறிடும்.

7/ சீசன் நடுவுலயே பயிற்சியாளர் பாஸ்கரன் போய் உதயகுமார் வந்தார். கடைசி இடம் மாறல. 2022-ல பெரிய வைத்தியம்: பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தாங்க, அன்றைய சாதனை விலை. முதல் ஆட்டத்துலயே அவர் முழங்கால் போச்சு. சீசனே முடிஞ்சது.

8/ எல்லாரும் 2019 திரும்பிடுச்சுன்னு நினைச்சாங்க. நடந்தது வேற. நடுவுல பயிற்சியாளரா வந்த அஷன் குமார், நரேந்தர், சாகர், சாகில் மாதிரி இளசுகளை வச்சு அரையிறுதி வரை கொண்டுபோனார். எலிமினேட்டரில் உ.பி.யை டை-பிரேக்கரில் வென்று, அரையிறுதியில் புனேயிடம் 37-39. தோத்தாலும் யாரும் சிரிக்கல.

9/ அதனால கடைசி இடத்துல இருக்கிற அணியைப் பார்த்தா, எத்தனை தோல்வின்னு மட்டும் எண்ணாதீங்க. எவ்வளவு வித்தியாசத்துலன்னும் பாருங்க. உங்க ஊர் பள்ளி அணிக்கும் இதே கணக்குதான்.

10/ கடைசியா மருத்துவம். கபடி ஆடுற பிள்ளை முழங்கால் 'பட்'னு சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லி, சில மணி நேரத்துல வீங்கினா, அது ஜவ்வு கிழிஞ்சதா இருக்கலாம். உருவி விடாதீங்க, மறுபடி ஆட விடாதீங்க. ஐஸ் வச்சு, எலும்பு மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஒரு சீசன் போனா அடுத்த சீசன் வரும். முழங்கால் அப்படி இல்ல.