படகிலிருந்து மலைமுகட்டுக்கு: டூரோ பள்ளத்தாக்கின் காட்சிமுனைகள் உருவான வரலாறு

போர்ச்சுகலின் வடபகுதியில், போர்ட்டோ நகருக்குக் கிழக்கே மராவோ மலைத்தொடரைத் தாண்டியதும் டூரோ ஆற்றின் இரு கரைகளும் செங்குத்தாக எழுகின்றன. கடற்காற்றை மலை மறித்துவிடுவதால், மேற்கில் பெய்யும் மழையில் பாதிகூட ஸ்பெயின் எல்லையை ஒட்டிய கிழக்குப் பகுதியில் பெய்வதில்லை. ஷிஸ்ட் எனப்படும் படலப் பாறை, சுட்டெரிக்கும் கோடை, மண் தங்காத சரிவு. இங்கேதான் போர்ட் ஒயினுக்கான திராட்சை விளைகிறது. இன்று பயணிகள் கார்களில் மலையேறி, காட்சிமுனைகளில் நின்று, அடுக்கடுக்காக இறங்கும் கொடித்தோட்டங்களையும் கீழே வளைந்து கிடக்கும் ஆற்றையும் பார்த்துச் செல்கிறார்கள்.

பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கும் இந்தப் பழக்கம் பழமையானதன்று. பல நூற்றாண்டுகள் டூரோவை மனிதர்கள் நீர்மட்டத்திலிருந்தே பார்த்தார்கள். பார்வை மேலேறியதற்குப் பின்னால் ஓர் அரசாணை, ஒரு கொடிநோய், ஓர் இருப்புப்பாதை, ஐந்து அணைகள் என ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பள்ளத்தாக்கின் மரபுக் காப்பும் மேலிருந்து காணும் அந்தப் பார்வையை ஒட்டியே வளர்ந்தது. அதன் பலமும் குறையும் அதிலிருந்தே வருகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆறே பாதையாக இருந்த காலம்

12ஆம் நூற்றாண்டிலேயே சிஸ்டர்சியத் துறவிகள் டூரோவின் தென்கிளை ஆறுகளை ஒட்டி மடங்கள் அமைத்துக் கொடி வளர்த்தனர். ஆனால் ஒயின் கடலைச் சேர ஒரே வழி ஆறு. 'ரபேலோ' என்னும் தட்டையடிப் படகில் மரப்பீப்பாய்களை அடுக்கி, போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் உள்ள வீலா நோவா த கையாவின் கிடங்குகளுக்குக் கொண்டு சென்றார்கள். அந்தப் படகின் அமைப்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பின்புறத்தில் நீண்ட துடுப்பு ஒன்றே சுக்கான். அதைப் பிடிப்பவர் பீப்பாய்களுக்கு மேலாக முன்னே வரும் பாறைகளைக் காண வேண்டும் என்பதற்காக உயரமான மரமேடையில் நின்றார். டூரோவில் காண்பதற்கென்றே கட்டப்பட்ட முதல் மேடை என அதையே நான் கருதுகிறேன். அங்கே நின்றவருக்குப் பார்வை பொழுதுபோக்கன்று. ஒரு நொடி தவறினால் சரக்கோடு உயிரும் போகும். திரும்பி வருகையில் காற்று கைகொடுத்தால் பாய் விரித்தார்கள். இல்லையேல் கரையிலிருந்து மாடுகள் கட்டி இழுத்தன.

1703இல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் செய்துகொண்ட மெத்துவன் ஒப்பந்தம் போர்ச்சுகீசிய ஒயினுக்கு வரிச்சலுகை அளித்தது. வணிகம் பெருகியது, கலப்படமும் பெருகியது. நிறமேற்ற எல்டர் மரத்தின் பழச்சாற்றைக் கலந்தார்கள். 1750களின் நடுவில் விலை சரிந்தது. அப்போது போர்ச்சுகலின் முதன்மை அமைச்சராக இருந்து, பின்னாளில் பொம்பல் பிரபு எனப் பெயர்பெற்றவர், 1756 செப்டம்பர் 10 அன்று மேல் டூரோ திராட்சைத் தோட்டங்களுக்கான பெருநிறுவனம் ஒன்றை ஏற்படுத்தினார். ஏற்றுமதிக்குரிய ஒயின் விளையும் நிலத்தை வரையறுத்து, எல்லையில் கருங்கல் தூண்களை நடச் செய்தார். 1758இலும் 1761இலும் நடப்பட்டவை மொத்தம் 335. ஆளுயரத்துக்கு நிற்கும் கல்லில் 'ஃபெய்தோரியா' என்ற சொல்லும் ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கும். உலகில் ஒயின் நிலத்துக்குச் சட்டத்தால் எல்லை வகுத்த மிகப் பழைய ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று. எல்டர் மரங்களை வேரோடு பிடுங்கவும் ஆணை பிறந்தது.

இந்தச் சீர்திருத்தத்தை எல்லோரும் வரவேற்கவில்லை என்பதைச் சுற்றுலா நூல்கள் அதிகம் பேசுவதில்லை. போர்ட்டோவில் ஒயின் சில்லறை விற்பனை நிறுவனத்தின் தனியுரிமையானதும் 1757 பிப்ரவரியில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பொம்பல் பலரைத் தூக்கிலிட்டு அடக்கினார். காட்சிமுனைக்குப் போகும் வழியில் தோட்டச் சுவரோரம் தென்படும் அந்த எல்லைக்கல், காட்சியழகைக் குறிக்க நடப்பட்டதன்று. அதற்கு உள்ளே இருந்தவருக்கு வாழ்வையும் வெளியே விடப்பட்டவருக்கு நட்டத்தையும் தீர்மானித்த கல் அது.

வலெய்ராவின் பாறை

எல்லை வகுத்த பிறகும் கிழக்குப் பகுதி எட்டாத நிலமாகவே கிடந்தது. வலெய்ரா என்னும் இடத்தில் பெரும்பாறை ஆற்றை மறித்து நீர்வீழ்ச்சியாக்கியிருந்ததே காரணம். முதலாம் மரியா அரசியின் காலத்தில், 1780 முதல் 1792 வரை, வெடிவைத்து அதைத் தகர்த்தார்கள். அதன்பின் படகுகள் மேலே போயின. கொடியும் கிழக்கே நகர்ந்தது. பாறை உடைந்தும் சுழல் அடங்கவில்லை. 1861 மே 12 அன்று ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் சென்ற படகு இங்கேதான் கவிழ்ந்தது. இங்கிலாந்தில் பிறந்து போர்ட்டோவில் வணிகரான ஃபாரெஸ்டர், டூரோவின் போக்கை நுட்பமாக அளந்து வரைபடம் வெளியிட்டவர். அதற்காகவும் பிற பணிகளுக்காகவும் பிரபுப் பட்டம் பெற்றவர். ஆற்றை அவரளவு அறிந்தவர் அரிது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. அதே படகில் இருந்த அந்தோனியா ஃபெரெய்ரா பிழைத்தார். அன்றைய பெண்கள் அணிந்த அகன்ற பாவாடை அவரை மிதக்க வைத்தது என்று ஊரார் இன்றும் சொல்வார்கள்.

ஒயின் குடும்பத்தில் பிறந்து, இளவயதிலேயே கணவரை இழந்து, தொழிலைத் தானே நடத்தியவர் அந்தோனியா (1811–1896). பள்ளத்தாக்கின் அடுத்த பேரழிவில் நிலைத்து நின்றவர்களுள் அவர் முதன்மையானவர்.

சுவர்களை வாசித்தல்

அந்தப் பேரழிவு ஃபிலாக்ஸெரா. அமெரிக்காவிலிருந்து வந்த, கொடியின் வேரை உறிஞ்சும் இந்த நுண்பூச்சி 1860களில் டூரோவில் புகுந்து, அடுத்த இருபதாண்டுகளில் தோட்டங்களைச் சுடுகாடாக்கியது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டுவதே இறுதியில் தீர்வானது. அதற்குள் பலர் நிலத்தைக் கைவிட்டு ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

இன்றைய காட்சிமுனையில் நிற்பவர் பார்ப்பது இந்த நோய் பிரித்த இரண்டு காலங்களை. பின்யாவ் ஊருக்கு மேலே கசால் த லோய்வோஸ் முனையிலிருந்தோ, ரெகுவா ஊருக்கு மேலே கலாஃபுராவின் சாவ் லெயோனார்தோ முனையிலிருந்தோ பார்த்தால், கொடியில்லாமல் புதர் மண்டிய அடுக்குகள் அங்கங்கே தெரியும். 'மோர்தோரியோ' என அழைக்கப்படும் இவை நோய்க்குப்பின் திரும்ப நடப்படாதவை. சிலவற்றில் ஆலிவ் வளர்கிறது. அவற்றின் சுவர்கள் நெருக்கமாகவும் மேடைகள் குறுகலாகவும் இருக்கும். அருகில் சென்றால் சாந்தில்லாத கற்சுவரில் வரிசையாகத் துளைகள் தென்படும். கொடியை மேடையில் நடாமல் சுவரின் துளையில் நட்டு வெளியே வளரவிட்டார்கள். மேடையின் சொற்ப மண்ணைத் தானியத்துக்கு ஒதுக்கினார்கள். ஒயின் விற்ற குடியானவர் உணவுக்கும் அதே சரிவை நம்பியிருந்தார் என்பதற்கு அந்தத் துளைகளைவிட நேரடியான சான்று எந்த ஆவணத்திலும் கிடைக்காது.

நோய்க்குப் பிந்தைய சுவர்கள் உயரமானவை, நேரானவை. மேடைகள் அகன்று சற்றே சரிந்திருக்கும். இவற்றில் பெரும்பகுதியை எழுப்பியவர்கள் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலிக்கு வந்த தொழிலாளர்கள். மூன்றாவது அடுக்கு 1970களுக்குப் பிந்தையது. ஆள் கிடைக்காமல் போனபோது புல்டோசர் கொண்டு, கற்சுவரே இல்லாமல் வெறும் மண்கரைகளாக மேடை வெட்டினார்கள். 1980களில் உலக வங்கியின் கடனுதவியிலும் இப்படி நிலம் திருத்தப்பட்டது. டிராக்டர் ஓடும் வசதி கிடைத்தது. மழையில் மண்கரை அரிப்பதும் சேர்ந்து வந்தது. சரிவு மிதமாக உள்ள இடங்களில் மேடையே இன்றி, மேலிருந்து கீழாக வரிசை நடுவதும் இக்காலத்து முறைதான். ஒரே மலைமுகத்தில் இந்த வகைகளையெல்லாம் ஒருசேரக் காணலாம். காட்சிமுனையின் ஆய்வுப் பயன் இதுவே: ஆற்றங்கரையில் நிற்பவருக்கு ஒரு சுவர் தெரியும், முகட்டில் நிற்பவருக்கு அவற்றின் வரிசை தெரியும்.

பார்வை மேலேறியது

இருப்புப்பாதை 1879இல் ரெகுவாவை அடைந்தது. 1887இல் எல்லையூரான பார்க்கா தால்வா வரை நீண்டது. தண்டவாளம் நெடுந்தொலைவு ஆற்றை ஒட்டியே செல்வதால் ரயில் பயணியின் கண்ணும் நீர்மட்டத்திலேயே இருந்தது. ஆனால் சரக்கு ரயிலுக்கு மாறத் தொடங்கியதும் ரபேலோவின் காலம் தேய்ந்தது. 1960களின் நடுவில் அதன் கடைசிச் சரக்குப் பயணங்கள் முடிந்தன.

பள்ளத்தாக்கு தன்னையே ஓவியமாகக் காட்டத் தொடங்கியது 1930களில் எனலாம். 1933இல் அமைந்த போர்ட் ஒயின் நிறுவனத்துக்காக தோமிங்கோஸ் அல்வாவ் எடுத்த ஒளிப்படங்கள் அறுவடையையும் படிக்கட்டுச் சரிவுகளையும் போர்ட் ஒயினின் முகமாக்கின. 1937இல் பின்யாவ் ரயில் நிலையச் சுவரில் நீல ஓடுகளாலான 24 காட்சிகள் பதிக்கப்பட்டன. கொடியிலிருந்து படகு வரை ஒயினின் முழுப்பயணமும் அந்த நிலையத்தில் இருக்கிறது.

பிறகு அணைகள் வந்தன. போர்ச்சுகலுக்குள் டூரோவின் குறுக்கே கராபதேலோ, ரெகுவா, வலெய்ரா, போசின்யோ, கிரெஸ்டுமா என ஐந்து அணைகள் 1970களிலும் 80களிலும் எழுந்தன. ஃபாரெஸ்டரை விழுங்கிய சுழல் வலெய்ராவின் தேக்கத்துக்குள் மறைந்தது. சீறிய ஆறு அசையாத ஏரிகளின் தொடராயிற்று. உல்லாசப் படகுகள் மதகுகளில் ஏறி இறங்கிச் செல்கின்றன. வலெய்ராவுக்கு மேலே சாவ் சல்வதோர் தோ முந்தோ குன்றில் யாத்திரிகர்களின் சிற்றாலயங்கள் நிற்கின்றன. கலாஃபுராவின் முனையும் ஒரு சிற்றாலயத்தை ஒட்டியதே. பக்தர்கள் ஏறிய குன்றுகளில் சாலை போட்டதும் காண்பவர்கள் ஏறினார்கள். அருகிலுள்ள சாவ் மார்த்தின்யோ த அந்தா ஊரில் பிறந்த எழுத்தாளர் மிகேல் தோர்கா (1907–1995) கலாஃபுராவைப் பற்றி எழுதியது அந்த இடத்துக்கு இலக்கியத் தகுதியையும் தந்தது. ஏரியின் அமைதி இல்லாமல் இன்றைய காட்சி இல்லை. அணை இல்லாமல் அந்த ஏரி இல்லை. இன்று இயற்கை அழகு என்று போற்றப்படும் நீர்ப்பரப்புக்கு வயது அரை நூற்றாண்டுதான்.

2001இல் மேல் டூரோ ஒயின் நிலத்தின் 24,600 ஹெக்டேரை யுனெஸ்கோ உலக மரபாக அறிவித்தது. எல்லை வகுத்த ஒயின் நிலத்தின் மொத்தப் பரப்பில் இது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இன்றும் மக்கள் உழைத்து வாழும் பண்பாட்டு நிலக்காட்சி என்பதே தகுதிக்குச் சொன்ன காரணம்.

அந்தத் தகுதிக்குச் சோதனையாக வந்தது டூரோவின் கிளையாறான தூவாவில் கட்டிய அணை. 2011இல் பணி தொடங்கியது. அணையால் மரபு நிலம் கெடுமா என்று யுனெஸ்கோ வரை வழக்கு போயிற்று. காட்சி கெடாதபடி மின்நிலையத்தை மண்ணுக்குள் மறைக்கும் வடிவமைப்பை எதுவார்தோ சோத்தோ த மோரா என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் தந்தார், அணை நிறைவேறியது. ஆனால் 1887 முதல் தூவாவின் பள்ளத்தில் ஓடிய குறுகிய இருப்புப்பாதையின் கீழ்ப்பகுதி நீரில் மூழ்கியது. முகட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் கெடவில்லை. அடிவாரத்து ஊர்களின் பாதை போயிற்று. மற்றொரு கிளையான கோஆ ஆற்றில் இதற்கு நேர்மாறு நடந்திருந்தது. அங்கே பழைய கற்காலப் பாறைச் செதுக்கல்கள் வெளிப்பட்டதால் 1990களின் நடுவில் அணையையே நிறுத்தினார்கள். 1998இல் அவை உலக மரபாயின.

கோஆவில் காக்கப்பட்டது பொருள். தூவாவில் காக்கப்பட்டது தோற்றம். தோற்றத்தைக் காப்பதும் வேண்டியதே. ஆனால் டூரோவின் தோற்றம் முழுக்க மனித உழைப்பின் பொருள்களால் ஆனது. துளையிட்ட பழஞ்சுவர்கள், கைவிடப்பட்ட மோர்தோரியோக்கள், எஞ்சியுள்ள பொம்பல் கற்கள், மூழ்காத இருப்புப்பாதைத் துண்டுகள் ஆகிய ஒவ்வொன்றையும் ஊர்வாரியாக அளந்து பதிவு செய்யும் வேலைதான் இப்பள்ளத்தாக்கின் ஆய்வில் முன்னுரிமை பெற வேண்டும். புதர் மூடிய ஒரு சுவர் ஒரு குளிர்கால மழையில் சரிந்துவிடக்கூடும். முகட்டில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது.