வினாத்தாளின் வடிவம் யாருடைய சொத்து?

மாத்தளை மாவட்டத்து மலைச்சரிவொன்றில் அமைந்த பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவர்க்குத் தமிழ் கற்பிப்பவன் நான். ஒருநாள் மாலை, வணிகப் பிரிவில் பயிலும் மாணவன் ஒருவன் பழைய வினாத்தாள் ஒன்றைக் கையில் பிடித்தபடி என் மேசையருகே வந்து நின்றான். தாய் கொழுந்து பறிப்பவள்; தந்தை தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர். கணக்கீட்டு ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்று, அவரிடம் நிரப்பப்படாதிருந்த காலம் அது.

“பாடம் வெளங்குது சேர், கேள்வி கேக்குற வெதந்தான் வெளங்கல்ல” என்றான்.

இச்சிறு வாக்கியம் பல நாள் என்னை உறங்கவிடவில்லை. பாடம் வேறு, பாடத்தைக் கேட்கும் விதம் வேறு என்பதை அவன் தானே கண்டுகொண்டான். கொழும்பிலும் கண்டியிலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இவ்விரண்டாவது அறிவு தமையன் வாயிலாகவோ தனியார் வகுப்பு வாயிலாகவோ கேளாமலே வந்துசேர்கிறது. லயத்துப் பிள்ளைக்கோ அதைச் சொல்ல ஆளில்லை. முகாமைத்துவக் கல்வியின் வாயிலில் நிற்கும் பரீட்சையின் வடிவம் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாலன்றி அவனுக்கு விடை கூற இயலாது என்று தோன்றியது.

ஆள் தெரிவுக்குப் போட்டிப் பரீட்சை என்பது சீனத்துப் பேரரசர் காலத்திலேயே வேரூன்றிய முறை. பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்த அம்முறை 1905இல் ஒழிக்கப்பட்டது. ஆங்கில ஆட்சியோ 1855இல் இந்தியச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சையைக் கொண்டுவந்தது. பிறப்பாலும் சிபாரிசாலும் கிடைத்த பதவி இனித் திறமையால் கிடைக்கும் என்று முழங்கினர். முழக்கம் நல்லதுதான். ஆனால், பரீட்சை நடந்த இடம் இலண்டன். கிரேக்கமும் இலத்தீனும் புள்ளிகளை அள்ளித் தந்த பாடங்கள். சத்தியேந்திரநாத் தாகூர் 1863இல் அத்தடைகளைத் தாண்டி முதல் இந்தியராகத் தேறினார். பின்னர் 1870களில், எழுதுவோரின் உச்ச வயது 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டது. கடல்கடந்து சென்று எழுத வேண்டிய இளைஞனுக்கு இதன் பொருள் என்ன? கதவை மூடவேண்டிய அவசியமே இல்லை. கதவின் உயரத்தைக் குறைத்தாற் போதும்!

இலங்கைக்கு இம்முறை பாடசாலைப் பரீட்சையாக வந்தது. 1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சை இங்கே நடத்தப்படலாயிற்று. அதே 1880இல்தான் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தது தற்செயலே எனினும், அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. பரீட்சை நகரத்து ஆங்கிலப் பாடசாலைகளுக்கு வந்தது. புகைவண்டி தோட்டத்து விளைபொருளைத் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்ல வந்தது. அவ்விளைபொருளை உண்டாக்கியவர்களோ அதற்கு முந்திய பல்லாண்டுகளாக மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளையைக் கடந்து, காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்கள். வழியில் விழுந்தவர்களை எண்ணி எழுதி வைத்தவர் இலர்.

அவர்தம் பிள்ளைகளுக்கு அன்று தேவைப்பட்டது கேம்பிரிட்ஜ் அன்று, ஓர் அரிச்சுவடி. 1907ஆம், 1920ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் தொடக்கக் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தின. துரையின் தயவில் நடந்த பள்ளிக்கூடம் எத்தகையதாக இருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், கொழுந்துக் கூடை தூக்கும் வயது வந்ததும் முடிந்துபோகும் படிப்பு. 1945இல் இலவசக் கல்வி வந்து நாடெங்கும் ஏழைப் பிள்ளைகளின் கண்ணைத் திறந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் அரவணைப்புக்கு வெளியே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் பணி 1970களிலேயே தொடங்கியது. மற்றவர் பரீட்சைக்குப் பழகிய ஒரு நூற்றாண்டு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதை மறந்துவிட்டு, “இவர்கள் படிக்கமாட்டார்கள்” என்று சொல்வோர் வரலாற்றையும் படிக்காதவர்களே.

இனி, வணிகக் கல்விக்கெனவே பிறந்த பரீட்சையின் கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பெருங்கம்பெனிகள் வளர்ந்தன. அவற்றை நடத்தும் முகாமையாளரை உருவாக்கும் கல்லூரிகளில் இடம் தேடியோர் தொகையும் பெருகியது. வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு பாடம் பயின்று வந்தோரை ஒரே கோலால் அளக்கவேண்டிய தேவை எழுந்தது. சில வணிகக் கல்லூரிகள் கூடி ஆலோசித்ததன் பயனாக 1954இல் ஒரு பொதுப் பரீட்சை நடத்தப்பட்டது. 1976இல் ஜீமாட் என்னும் பெயர் பெற்று இன்று உலகெங்கும் முதுமாணி வகுப்புக்கு எழுதப்படுவது அதுவே.

இதில் வணிகப் பாடம் கேட்கப்படுவதில்லை. கணக்கு, மொழித்திறன், தரவுகளை ஆராயும் திறன் என்னும் மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்தம் 64 வினாக்கள். 2023இல் வந்த புதிய அமைப்பு இது. முன்பிருந்த கட்டுரை வினா அதில் நீக்கப்பட்டது. 1997 முதல் இப்பரீட்சை கணினியில் நடப்பதால், முந்திய விடைகளைப் பார்த்து அடுத்த வினாவின் கடுமையைக் கணினியே தெரிவுசெய்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில்.

இப்பரீட்சைக்கே உரிய ஒரு வினாவகையை நம்மூர் உதாரணத்தால் விளக்குகிறேன். “லெட்சுமி சென்ற வாரம் எத்தனை கிலோ கொழுந்து பறித்தாள்?” என்பது கேள்வி. கீழே இரண்டு கூற்றுகள். ஒன்று: அவள் வேலைசெய்த நாட்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 18 கிலோ பறித்தாள். இரண்டு: அவள் ஆறு நாள் வேலை செய்தாள். இங்கே 108 என்று எழுதச் சொல்லவில்லை. விடை காண முதற் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, எது ஒன்றும் தனித்தே போதுமா, இரண்டும் சேர்ந்தும் போதாதா என்பதே வினா. இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்பது விடை. கைவசமுள்ள செய்தி முடிவெடுக்கப் போதுமா என்று நிதானிப்பது முகாமையாளனின் தொழில். வினாவின் வடிவம் அத்தொழிலிலிருந்தே பிறந்தது. இதை அறியாத பிள்ளை பெருக்கிக் கூட்டிக்கொண்டிருப்பான். அறிந்தவன் அடுத்த வினாவுக்குப் போய்விடுவான். இருவருக்கும் இடையிலுள்ளது அறிவின் வேறுபாடா, செய்தியின் வேறுபாடா?

வடிவம் மாறினால் உபாயமும் மாறும். இந்திய முகாமைத்துவக் கழகங்களின் கேட் பரீட்சையில் பல்தேர்வு வினாவொன்றுக்குச் சரியான விடைக்கு மூன்று புள்ளி; பிழையான விடைக்கு ஒரு புள்ளி கழியும். அங்கே குருட்டு ஊகம் ஆபத்து. நமது உயர்தரப் பரீட்சையின் பல்தேர்வு வினாக்களிலோ பிழைக்குக் கழிவு கிடையாது. வெறுமையாய் விடுவதே நட்டம். ஆயினும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் சிலர் “தெரியாததை எழுதக்கூடாது” என்னும் நேர்மையால் இடம் விட்டு வருகின்றனர். அந்த நேர்மைக்குத் தண்டனை கிடைக்கிறதே என்று நெஞ்சு வேகிறது.

நம் நாட்டில் முகாமைத்துவப் பட்டப்படிப்பின் வாயில் இவ்வுயர்தரப் பரீட்சைதான். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகியவை வணிகப் பிரிவின் முக்கிய பாடங்கள். பாடந்தோறும் இரண்டு வினாத்தாள்: முதலாவது இரண்டு மணித்தியாலத்தில் 50 குறுவினாக்கள், இரண்டாவது மூன்று மணித்தியாலத்தில் விரிவான விடைகள். அங்கே வேகம் வேண்டும். இங்கே ஒழுங்கு வேண்டும்.

எழுதி முடித்தால் வாயில் திறந்துவிடுமா? அங்கேதான் கணக்கின் மறுபாதி இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல், தமிழ்மொழியில் எழுதியவரிடம் கூடிய புள்ளி கேட்டது. இந்நாட்டு அரசியலில் அது ஆறாத புண்ணாயிற்று. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. 2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற சராசரியிலிருந்து ஒருவன் எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதை அம்முறை அளக்கிறது. ஒரு பாடத்தின் சராசரி 50, வேறொன்றின் சராசரி 40, புள்ளிகளின் பரவல் இரண்டிலும் 10 என்று கொள்வோம். இரண்டிலும் 60 எடுத்தவனுக்கு முதலாவதில் இசட் புள்ளி 1, இரண்டாவதில் 2. தன் புள்ளியை மட்டும் பார்த்து மகிழ்பவன் பாதியைத்தான் பார்க்கிறான்.

இன்றைய பொது விதிப்படி இடங்களில் நூற்றுக்கு 40 தீவளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. நுவரெலியா அப்பதினாறில் ஒன்று. மாத்தளை அப்பட்டியலில் இல்லை. மாவட்டங்களைச் சராசரியாக நோக்கியோர்க்கு இது நியாயமாய்த் தோன்றலாம். ஆனால் இரண்டு மாவட்டத் தோட்டங்களிலும் ஒரே வரலாறு, ஒரே நீளமான லயம், ஒரே நாட்சம்பளம். மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளை மாத்தளை நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு ஒரே தராசில் ஏறுகிறான். மாவட்டம் என்னும் அளவுகோல் மாவட்டத்துக்குள்ளிருக்கும் மேடு பள்ளத்தைக் காண்பதில்லை. அதையும் தாண்டிப் பல்கலைக்கழகம் புகுந்தால், பெரும்பாலான முகாமைத்துவ வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் எழுதி வென்றவன் முதல் நாளே மீண்டும் ஒரு பரீட்சைக்கு அமர்கிறான்.

அப்படியானால் பரீட்சையை ஒழித்துவிடலாமா? அன்று. சிபாரிசுக் காலத்துக்குத் திரும்ப விரும்புபவன் ஏழையின் நண்பனல்லன். பெயரைக் கேளாமல், சுட்டெண்ணை மட்டும் கேட்கும் விடைத்தாள் இன்னமும் எளியவனின் ஆயுதமே. ஆனால் ஆயுதத்தைப் பிடிக்கும் முறையை ஒரு சாரார் மட்டும் காசு கொடுத்துக் கற்பது தகாது. வினாத்தாளின் வடிவத்தை அறிவது கல்வியாகிவிடாது என்பதை நானும் அறிவேன். கல்வி பெற்றவனை அவ்வறியாமை தோற்கடிக்கலாகாது என்பதே என் வாதம்.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது உண்டு. பழைய வினாத்தாள்கள் அலுமாரிக்குள் பூட்டியிருக்க வேண்டியவை அல்ல. புள்ளி வழங்கும் முறையையும் இசட் கணக்கையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லுவோம். ஆங்கிலத்தைக் கடைசி ஆண்டுக்கு ஒத்திவையாமல் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கி ஊன்றுவோம். ஆசிரியரின்றிக் கிடக்கும் பாடங்களுக்காகவும், மாவட்டத்துக்குள் மறைந்து கிடக்கும் தோட்டத்துப் பிள்ளையின் உரிமைக்காகவும் குரல் கொடுப்போம்.

அம்மாணவனோடு அன்று இருட்டும்வரை அமர்ந்திருந்தேன். கணக்கீடு எனக்குத் தெரியாது. ஆனால் வினாவை வாசிக்கத் தெரியும். கேட்கப்பட்டதையும் கேட்கப்படாததையும் இருவரும் பிரித்துப் பார்த்தோம். மறுநாள் காலை வகுப்புச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. வினாத்தாளின் பகுதிகள், நேரம், புள்ளிகள் யாவும் அவன் கையெழுத்தில் இருந்தன. அடியில், “ஒண்ணையும் வெறுமையா விடாதீங்க” என்று எழுதி அதன்கீழ்க் கோடிட்டிருந்தான்.